மகள் எழுதிய 74

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் கணக்குக் கொப்பியை மேசையில் போட்டுவிட்டு அழுதாள். ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதிய எண்களில் பாதிக்கு மேல் சிவப்புக் கோடு. "சீபென் உண்ட் ஃபியர்ட்சிக்" என்று கேட்டு 74 எழுதியிருந்தாள். ஜேர்மன் மொழியில் அது "ஏழும் நாற்பதும்", அதாவது 47. காதில் முதலில் விழுந்ததை முதலில் எழுதிய பிள்ளையிடம் என்ன பிழை?

பெற்றோர் சந்திப்பில் எனக்குக் கிடைத்த அறிவுரை: வீட்டில் தமிழில் எண்ணுவதுதான் குழப்பத்துக்குக் காரணம், நிறுத்துங்கள். நானும் மூன்று மாதம் நிறுத்தினேன். அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை.

நாற்பத்தேழு. சொல்லும் வரிசையே எழுதும் வரிசை. ஆங்கிலம்கூட 13 முதல் 19 வரை ஒன்றுகளைத்தான் முன்னே சொல்கிறது. நம்முடைய பதின்மூன்றிலும் பத்தொன்பதிலும் பத்து முதலிலேயே நிற்கிறது. இடறும் இடம் தமிழிலும் உண்டு. அறுபது, எழுபது, எண்பது என்று பாடிக்கொண்டு வந்த மகள், அடுத்து "ஒன்பது" என்று சொல்லித் திகைத்து நின்றாள். தொண்ணூறைத் தனியாகத்தான் பழக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கில் வளரும் பிள்ளைகள் பாடு இன்னும் பெரிது: அங்கே 90க்கான சொல்லின் வேரில் இருப்பது நாலரை இருபது.

நோர்வேயிலும் முன்பு "ஏழும் நாற்பதும்"தான். தொலைபேசி எண்கள் நீண்டுகொண்டே போக, இலக்கங்களைக் குழப்பாமல் சொல்லவேண்டிய தேவை வந்தது. தொலைபேசித் துறை கேட்டுக்கொண்டது, நாடாளுமன்றம் முடிவெடுத்தது, 1951 ஜூலை 1 முதல் பத்துகளை முன்னே சொல்லும் முறை நடைமுறைக்கு வந்தது. பழைய முறை இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. தன் பக்கத்து வீட்டு முதியவர் வயதை அப்படித்தான் சொல்வார் என்கிறாள் ஒஸ்லோவில் இருக்கும் என் மச்சாள். ஒரு நாட்டின் நாடாளுமன்றமே இந்த இடரை ஏற்றுக்கொண்டிருக்கும்போது, ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று நாம் ஏன் முடிவுகட்டுகிறோம்?

ஜேர்மன்காரர் தங்கள் மொழியை மாற்றவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் பேசித் தீர்க்கவேண்டியது. இங்கே பிள்ளை வளர்க்கும் நம்மவர்களிடம்தான் கேட்கிறேன்: யார் சொன்னாலும் வீட்டில் தமிழில் எண்ணுவதை நிறுத்தாதீர்கள். படி ஏறும்போது எண்ணுங்கள், காசு கொடுக்கும்போது எண்ணுங்கள்.

மகள் இப்போது நான்காம் வகுப்பு. நேற்று ஒரு தொலைபேசி எண்ணை ஜேர்மனில் வாசித்தேன். பென்சிலைக் கொப்பியில் வைக்குமுன் உதடு மெல்ல அசைந்தது: "நாற்பத்தேழு."