சத்தியம் செய்தால் தப்பிவிடலாமா?
கூலி வாங்காமல் பிறர் பொருளைப் பாதுகாத்தவரை யூதச் சட்டம் ஒரு சத்தியத்தோடு சுலபமாக விட்டுவிடுகிறது என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. திருடு போனால் அவர் ஈடு கட்ட வேண்டாம், சரி. ஆனால் அந்தச் சத்தியத்துக்குள் மூன்று உறுதிகள் உண்டு: அசட்டையாக இருக்கவில்லை, பொருளில் கைவைக்கவில்லை, அது இப்போது என்னிடம் இல்லை. கடைசியானதுதான் கிடுக்கிப்பிடி. 'விலையைக் கொடுத்துவிடுகிறேன்' என்று அவரே முன்வந்தாலும் 'என்னிடம் இல்லை' என்று சத்தியம் செய்தே ஆக வேண்டும் என்கிறார், யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதில், ராவ் ஹூனா என்ற அறிஞர். பொருள்மேல் கண் வைத்துக் காசைக் கொடுத்து அமுக்கிவிடக் கூடாதே! திருடு போனதாகப் பொய்ச் சத்தியம் செய்தவரே திருடர் என்று சாட்சிகள் வந்து சொன்னால் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். மேலே கருத்து எழுதிய ஒருவர், பொருளை இரவல் வாங்கியவரும் சத்தியம் செய்து தப்பலாம் என்கிறார். இல்லை, இரவல் மாடு தானாகச் செத்தாலும் அவர் ஈடு தர வேண்டும். எந்த வேலைக்காக இரவல் வாங்கினாரோ அந்த வேலையைச் செய்யும்போதே மாடு செத்தால் மட்டும் விலக்கு உண்டு.