ஒதுங்கும் குணம்தான் காரணமா?

ஜப்பானியர் வெளிநாட்டவரை மணப்பது குறைந்ததற்கு அந்நியரிடமிருந்து ஒதுங்கும் அவர்களின் குணமே காரணம் என்று, நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் முடிவுகட்டுகிறார். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. 2006இல் அங்கே ஏறக்குறைய 44,700 பேர் வெளிநாட்டவரை மணந்தார்கள், மொத்தத் திருமணங்களில் பதினாறில் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது பாதியாகிவிட்டது. ஒரு நாட்டின் குணம் அத்தனை வேகமாகவா மாறும்? மாறியது விசா விதி. பாட்டு, நடனக் கலைஞர்களாக வந்த பிலிப்பைன்ஸ் பெண்களுக்கான விதிகளை அரசு 2005இல் இறுக்கியது. உச்சக்கட்டத்தில் வெளிநாட்டு மணப்பெண்களில் பெரும்பகுதியினர் பிலிப்பைன்ஸ், சீனா, கொரியாவைச் சேர்ந்தவர்கள்தானே!

கிராமங்களின் கதையையும் கட்டுரை தொடவே இல்லை. பெண்கள் நகரத்துக்குப் போய்விட, நிலத்தையும் பெற்றோரையும் விட்டு நகர முடியாத மூத்த மகன்கள் மணமாகாமல் நின்றார்கள். யாமகத்தா மாநிலத்தின் அசாஹி என்ற ஊரில் 1980களில் உள்ளாட்சி நிர்வாகமே முன்னின்று பிலிப்பைன்ஸ் மணப்பெண்களைத் தேடித் தந்தது.

அப்படி வந்தவளுக்குக் கிடைத்த இடம் எது? பிறப்பு, திருமணம், இறப்பைக் குடும்பவாரியாக அரசு பதியும் குடும்பப் பதிவேட்டில் இன்றும் வெளிநாட்டு மனைவிக்குத் தனிப் பத்தி கிடையாது. கணவனின் பத்தியில் திருமணக் குறிப்பாக மட்டுமே அவள் பெயர் வரும். 2012 ஜூலை வரை, ஒரு முகவரியில் வசிப்பவர்களைப் பட்டியலிடும் குடியிருப்போர் பதிவேட்டிலும் அவளுக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் அதிலிருந்து தரும் சான்றிதழில் கணவன் இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், சோறு பொங்கிப்போட்ட தாய் இருக்க மாட்டாள். எனக்கு இதுதான் ஆறவே இல்லை. குறைந்த எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாம்.