23 வயசுல அல்சர் வராதாம்

நேத்து, வலி மாத்திரையால அல்சர் வந்துச்சுன்னு ஒரு பொண்ணு போட்ட பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில கிடக்கிற அந்த 23 வயசுப் பொண்ணுகிட்ட, "இந்த வயசுல வலி மாத்திரையால அல்சரா? நேரத்துக்குச் சாப்பிடாம போனை நோண்டினா இப்படித்தான்"னு ஒருத்தர் எழுதுறார். அதுக்கு வரிசையா ஹார்ட் வேற. ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

வரும். 23 வயசுலயும் வரும். வயசானவங்களுக்கு ஆபத்து அதிகம்ங்கிறது நிஜம். அதுக்காக இளசுகளுக்கு வரவே வராதுன்னு யார் சொன்னது?

என் தம்பிக்கு அப்போ 24. முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக். தலைவலி வந்தா அதுக்கு மேல ஐபுப்ரோஃபென். ரெண்டும் ஒரே வகை வலி மாத்திரைன்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. மூணு வாரம் இப்படியே ஓடிச்சு. வயித்துவலின்னு ஒரு நாள் சொன்னதில்ல. உள்ளே ரத்தம் கசிஞ்சு மலம் தார் மாதிரி கறுப்பா போனதை வெட்கப்பட்டு மறைச்சிருக்கான். ஒருநாள் விடிகாலையில பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடந்தான், உதட்டுல ரத்தமே இல்ல. ரத்தத்துல ஹீமோகுளோபின் வெறும் 6. எண்டோஸ்கோப்பில பார்த்தா இரைப்பையில ரெண்டு புண்.

"சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு வருவீங்க. அவன் சாப்பிட்டுட்டுத்தாங்க போட்டான்! சாப்பாடு எரிச்சலை வேணா குறைக்கும், புண்ணுக்குக் காவல் இல்ல. மாத்திரை வயித்துல பட்டு மட்டும் புண்ணாக்குறதில்ல. ரத்தத்துல கலந்து, வலியையும் தூண்டுற, இரைப்பையையும் காக்கிற புரோஸ்டாகிளான்டின்ங்கிற பொருள் உண்டாகிறதையே தடுக்குது. வலி குறையறதும் அதனாலதான், இரைப்பைச் சுவரைக் காக்கிற சளிப்படலம் மெலியறதும் அதனாலதான். ஜான் வேன்ங்கிற விஞ்ஞானி இதை 1971லயே கண்டுபிடிச்சு, 1982ல நோபலும் வாங்கிட்டார். ஊசியா போட்டாலும் புண் வர்றது இதனாலதான்.

அல்சருக்குக் காரணம் இரைப்பையில வர்ற ஹெச். பைலோரி கிருமின்னு ஒருத்தர் சொன்னார். அதாலயும் வரும், கிருமியும் மாத்திரையும் சேர்ந்தா இன்னும் மோசம்.

"அப்போ மாத்திரையே போடக்கூடாதா?" எங்க சொன்னேன் அப்படி? மாதவிடாய் வலியில சுருண்டு கிடக்கிறப்போ மெஃபனமிக் ஆசிட் வலி மாத்திரை எவ்வளவு பெரிய ஆறுதல்னு எனக்குத் தெரியாதா? குறைஞ்ச அளவு, குறைஞ்ச நாள், ஒரே வகையில ரெண்டு மாத்திரையைச் சேர்க்காம போடுங்க. நாள்கணக்கா வேணும்னா டாக்டரைக் கேளுங்க, அமிலம் குறைக்கிற மாத்திரையும் சேர்த்துத் தருவார். மலம் கறுப்பா போனா வெட்கப்படாம உடனே ஓடுங்க.

நான் டாக்டர் இல்லதான். அந்தப் பொண்ணைப் பொய்க்காரின்னு சொன்னவரும் இல்ல.

இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேக்குறீங்க. அந்த மூணு வாரத்துல ஒரு ராத்திரி தம்பி மாத்திரை அட்டையை நீட்டி, "அக்கா, இவ்வளவு போடலாமா?"ன்னு கேட்டான். பத்துல ரெண்டுதான் மிச்சம் இருந்துச்சு. "இந்த வயசுல என்னடா ஆகப்போகுது, போட்டுட்டுத் தூங்கு"ன்னு நான்தான் சொன்னேன்.