கே தாம்சன்: பாட்டுதான் முதலில்

அமெரிக்கப் பாடகி கே தாம்சனைப் பற்றி, “அவர் அடிப்படையில் குழந்தைகளுக்கான எழுத்தாளர், பாட்டெல்லாம் பொழுதுபோக்கு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசையே தலைகீழாக இருக்கிறது. அவருடைய குழந்தைகள் புத்தகமான ‘எலோயிஸ்’ வந்தது 1955-ல். அதற்குப் பல வருடம் முன்பே, 1940-களில், ஹாலிவுட்டின் எம்ஜிஎம் பட ஸ்டுடியோவில் குரலிசை அமைப்பாளராகவும் பாட்டுப் பயிற்சியாளராகவும் இருந்தவர் அவர். பாடி நடித்த நட்சத்திரங்களான ஜூடி கார்லண்ட், லீனா ஹார்ன் எல்லாம் அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள்.

‘தி ஹார்வி கேர்ள்ஸ்’ (1946) படத்தின் ரயில் பாட்டைக் கேளுங்கள். மூலப்பாட்டு ஹாரி வாரன், ஜானி மெர்சர் இருவருடையது, ஆஸ்கரும் அவர்களுக்கே. ஆனால் வந்திறங்கும் பெண்கள் ஆளுக்கொரு ஊர்க்கதை சொல்லிப் பாடும் அந்த நீண்ட பகுதி, தாம்சனும் ரால்ஃப் பிளேனும் சேர்த்தது. இது பொழுதுபோக்கா?

இன்னொன்று: ‘ஃபன்னி ஃபேஸ்’ படத்தின் ‘திங்க் பிங்க்’ அவர் எழுதியதல்ல, பாடியது மட்டுமே. இசை ரோஜர் ஈடன்ஸ், வரிகள் லெனர்ட் கெர்ஷ். தாம்சனின் சொந்தப் பாட்டு வேண்டுமென்றால் ஆண்டி வில்லியம்ஸ் பாடிய ‘பிராமிஸ் மீ, லவ்’ கேளுங்கள். அந்த வில்லியம்ஸும் 1947-ல் தன் அண்ணன்களோடு தாம்சனின் மேடைக் குழுவில் பாடியவர்தான்.