மிக்-21 மீது விழுந்த பழி

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுத்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்தேன். 1963இல் இதே சண்டிகரில்தான் 28ஆம் ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு) வழியாக அந்த விமானம் நம் விமானப்படைக்குள் வந்தது. அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தாமே அதை ஓட்டினார். தரையிறங்கிய விமானங்களுக்கு நீரைப் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். பிறகு ‘படிவம் 700’ பாதுகாப்பு அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு பறப்புக்கும் முன்பு விமானம் பறக்கத் தகுதியாக உள்ளது என்று தரைப்பணியாளர்களும், அதை ஏற்றுக்கொண்டு விமானியும் கையெழுத்திடும் ஏடு அது. விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்த என் சித்தப்பா, அந்தக் கையெழுத்தைப் போட்டபின் விமானம் திரும்பி வந்து இறங்கும்வரை தேநீர்கூட இறங்காது என்று சொல்லுவார்.

அன்று இரவே முகநூலில் ‘பறக்கும் சவப்பெட்டிக்கு விடுதலை’ என்ற வரியைப் பலர் பகிர்ந்திருந்தார்கள். அந்தப் பெயர் எனக்கு ஏற்புடையதன்று. விபத்துகளை நான் மறுக்கவில்லை. 2012இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி, வாங்கப்பட்ட 872 மிக் ரக விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை விபத்தில் அழிந்திருந்தன. 171 விமானிகளும் 39 பொதுமக்களும் உயிரிழந்திருந்தார்கள். ஆனால் அத்தனை மரணங்களையும் ஒரு விமானத்தின் தலையில் கட்டிவிட்டால், அதை அத்தனை காலம், அந்த நிலையில் பறக்கவிட்டவர்கள் யார் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

டெல்டா எனப்படும் முக்கோண இறக்கை கொண்ட அந்த விமானம் மிக உயரத்தில் மிக வேகமாகப் பாய்ந்து எதிரியை இடைமறிக்கவென்றே 1950களில் வடிவமைக்கப்பட்டது. அந்த வேகத்துக்கான விலையைத் தரையிறங்கும்போது கொடுக்க வேண்டியிருந்தது. ஓடுதளத்தைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 340 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும்; விமானியின் இருக்கையிலிருந்து வெளியே தெரியும் பரப்பும் குறைவு; ஒரே என்ஜின் என்பதால், தாழ்வான உயரத்தில் அது அணைந்துவிட்டால் வெளியே குதிப்பதா என்று முடிவெடுக்கச் சில நொடிகளே கிடைக்கும். இத்தகைய விமானத்திடம், கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானத்தில் பழகிய இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர்களை நாம் அனுப்பிக்கொண்டிருந்தோம். இடைப்பட்ட கட்டத்துக்கு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று 1982இலேயே ஒரு குழு பரிந்துரைத்துவிட்டது. அத்தகைய பயிற்சி விமானமான ஹாக்குக்கான ஒப்பந்தம் 2004இல்தான் கையெழுத்தானது. முதல் விமானங்கள் படையில் சேர்ந்தது 2008இல். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் அந்த இளைஞர்கள் மிக்-21இலேயே வைத்துத்தான் அதிவேகப் பறத்தலைக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளும் முன்பே இறந்துபோனவர்களின் கணக்கு எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கிறது.

மாற்று விமானத்தின் கதையும் இதுவே. மிக்-21இன் இடத்துக்கென்று இலகு ரகப் போர் விமானத் திட்டத்துக்கு 1983இல் அனுமதி கிடைத்தது. அந்தத் திட்டத்தில் உருவான தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. அதன் முதல் ஸ்குவாட்ரன் உருவானது 2016இல். முன்பு மிக்-21 ஓட்டிய 45ஆம் ஸ்குவாட்ரனே அது. பின்னர் அது நம் சூலூருக்கு வந்தது. உள்நாட்டிலேயே ஒரு போர் விமானத்தை உருவாக்குவது எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்தவன் நான். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. மாற்று தாமதமாகிறது என்று தெரிந்தபின்னும் வேறு ஏற்பாட்டைக் காலத்தில் செய்யாமல் பழையதையே நீட்டித்துக்கொண்டு போனதைத்தான் குறை சொல்கிறேன். ஏறத்தாழ 125 விமானங்கள் ‘பைசன்’ என்ற பெயரில் மேம்படுத்தப்பட்டன. புதிய ரேடாரும் ஏவுகணைகளும் வந்தன. உடற்கூடு பழையதாகவே இருந்தது. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் விமானங்களை எதிர்கொள்ள விமானி அபிநந்தன் வர்த்தமான் சென்றதும் அத்தகைய ஒரு பைசனில்தான். அவரது துணிவை நாடே கொண்டாடியது, நானும் கண்கலங்கினேன். ஆனால் அந்த ஆண்டில் அந்த விமானத்தில் ஒருவரை அனுப்பும் நிலை ஏன் வந்தது என்பதை அப்போது யாரும் உரக்கக் கேட்கவில்லை. 2023 மே 8 அன்று ராஜஸ்தானின் ஹனுமான்கர் மாவட்டத்தில் ஒரு வீட்டின் மீது பைசன் விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள். விமானி உயிர் தப்பினார். வீட்டில் இருந்தவர்களுக்குத் தப்பிக்கும் இருக்கை ஏது?

கடைசி விமானங்களும் ஓய்வு பெற்றபோது நம் ஸ்குவாட்ரன்களின் எண்ணிக்கை, இருக்க வேண்டிய 42க்கு எதிராக 29 ஆகக் குறைந்தது. விடைகொடுப்புக்கு முதல் நாள்தான் மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. 2021இல் கேட்கப்பட்ட 83 விமானங்களே அன்றுவரை படைக்கு வந்து சேரத் தொடங்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஜாகுவார் என்ற இன்னொரு பழைய போர் விமானம். 1979இல் வரத் தொடங்கிய அந்த விமானத்தைப் பிரான்சும் பிரிட்டனும் ஓமனும் எப்போதோ ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. உலகிலேயே அதை இன்னும் ஓட்டுவது நாம் மட்டுமே. புதிய என்ஜின் பொருத்தும் யோசனை பல ஆண்டுகள் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. 2025இல் மட்டும் மார்ச், ஏப்ரல், ஜூலை என மூன்று ஜாகுவார்கள் விழுந்தன. ஜாம்நகர் அருகே ஒரு விமானியும், சூரு மாவட்டத்தில் இருவரும் இறந்தார்கள். ஆகவே, ஜாகுவாரின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் எந்த ஆண்டில் ஓய்வு பெறும், அதன் இடத்துக்கு எந்த விமானம் வரும், அது தாமதமானால் என்ன மாற்று என்பதை அரசு இப்போதே நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாக வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். படிவம் 700இல் ஃபிட்டரும் விமானியும் தினமும் பெயர் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அந்தக் கால அட்டவணையின் கீழும் பொறுப்பானவர்களின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும்.