எந்தக் கிருமி?

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் இரவு அப்பா என்னைப் பெரியப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரியப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. "அண்ணே, கதவைச் சாத்து" என்றார். நாங்கள் பயந்துபோய் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரில் தொடங்கிய தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கியிருந்தது. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எரிச்சலாகவோ வலியாகவோ தெரியாமல், இப்படிப் புத்தி தடுமாறுவதிலேயே வெளிப்படலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இதில் என் பங்கும் இருக்கிறது. முதல் இரண்டு நாளும் அவருக்கு மாத்திரை கொடுத்தவன் நான்தான். என் பல்வலிக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் நான்கு மாத்திரை இழுப்பறையில் மிச்சம் கிடந்தது. "ஏதோ கிருமிதானே, கேட்கும்" என்று நினைத்தேன்.

சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்தபோது எந்தக் கிருமியும் வளரவில்லை என்று இருந்தது. மருத்துவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பாதி அடிச்சு விட்டிருக்கீங்க. லேப்ல வளர முடியாத அளவுக்கு அடி பட்டிருக்கு, உடம்புக்குள்ள சாகாத அளவுக்கு உயிரோட இருக்கு. இப்ப எந்த மருந்துக்குக் கேட்கும்னு நான் எதை வச்சு முடிவு பண்றது?" ஊகத்தின் பேரில்தான் வைத்தியம் பார்த்தார்கள். ஒன்பது நாள். அப்பா பிழைத்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இந்தக் 'கிருமி' என்ற சொல்லே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. புழுவுக்கும் அதே சொல், பாக்டீரியாவுக்கும் அதே சொல், வைரஸுக்கும் அதே சொல். சளிக்கும் கிருமி, காசநோய்க்கும் கிருமி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இருக்கும் என்று மனம் தானாக நம்பிவிடுகிறது.

பாக்டீரியா ஒரு முழு உயிர். ஒரே ஒரு செல்தான், ஆனால் அதற்கென்று சுவர் உண்டு, உணவு உண்டு, தானே இரண்டாகப் பிரியும் வல்லமை உண்டு. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற பாக்டீரியா, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலையில் ஒன்று இருந்தால், தடையில்லாமல் பெருகினால், ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். வைரஸ் அப்படி இல்லை. அதற்குச் செல்லே கிடையாது, நம் செல்லுக்குள் புகுந்து நம் இயந்திரத்தை வைத்துத்தான் தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும். பென்சிலின் என்ற ஆன்டிபயாடிக் வேலை செய்வது பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து. நம் செல்களுக்கு அந்தச் சுவர் இல்லை, அதனால் நாம் தப்பிக்கிறோம். வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை, அதனால் அதுவும் தப்பிக்கிறது! சாதாரணச் சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் கேட்காததற்குக் காரணம் மருந்தின் வீரியம் குறைவு என்பதல்ல. அது தாக்கவேண்டிய இடமே அங்கே இல்லை.

சளி பச்சையாக வந்தால் பாக்டீரியாதான் என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். அந்தப் பச்சை, சண்டைக்கு வந்த நம் வெள்ளையணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வைரஸ் வந்தாலும் அதே நிறம்தான்.

வைரஸைத் தொடாத அந்த மாத்திரை சும்மாவும் போவதில்லை. நம் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருப்பதாக 2016இல் ஒரு கணக்கு வந்தது. நம் சொந்தச் செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான். குடலில் இருப்பவை வைட்டமின் கே தயாரிக்கின்றன, நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை உடைக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இடத்தை அடைத்து உட்கார்ந்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் இவற்றை அழித்துக் காலி செய்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகி, உயிரையே எடுக்கக்கூடிய வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தேவையில்லாத மருந்து தேவையில்லாத நோயை உள்ளே அழைக்கிறது.

பாக்டீரியாக்களுக்குள்ளும் ஒன்று போல் இன்னொன்று இல்லை. காலரா பாக்டீரியா குடலைக் குதறுவதே இல்லை. அது சுரக்கும் நஞ்சு, குடல் செல்லில் உப்பை வெளியே விடும் வழியைத் திறந்துவைத்துவிடுகிறது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை உடல் நீரை இழக்கலாம். ஆனால் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வேறொரு வழி அப்போதும் குடலில் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் இத்தனை உயிர்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வழியை நம்பித்தான். இங்கே ஆன்டிபயாடிக் இரண்டாம் பட்சம், முதல் மருந்து தண்ணீர்.

டெட்டனஸ் வேறு மாதிரி. பாக்டீரியா காயத்தைவிட்டு நகராது, அதன் நஞ்சு மட்டும் நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளைத் தளர்த்தும் கட்டளையை நிறுத்திவிடும். நஞ்சு நரம்பில் ஒட்டிக்கொண்ட பிறகு பாக்டீரியாவைக் கொன்றாலும் அதைப் பிடுங்க முடியாது. அதனால்தான் தடுப்பூசி முன்கூட்டியே வேண்டியிருக்கிறது. காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்க வந்த வெள்ளையணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழும். ஒருமுறை இரட்டிக்க ஒரு நாளில் பெரும்பகுதி ஆகிவிடும். மெதுவாக வளர்வதை மெதுவாகத்தான் கொல்ல முடியும், மாதக்கணக்கில் மருந்து சாப்பிடச் சொல்வது அதனால்தான். சில சமயம் ஆளைச் சாய்ப்பது பாக்டீரியாகூட இல்லை, அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடலின் கட்டுமீறிய கொந்தளிப்பு. அதற்கு செப்சிஸ் என்று பெயர். அப்பாவை அன்று அதன் வாசலில் பார்த்தேன்.

'எந்தக் கிருமி' என்ற கேள்விக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது வயிற்றுப்புண்ணைத்தான். மன அழுத்தம், அமிலம் என்று சொல்லி மனிதர்களை வருடக்கணக்கில் அவதிப்பட விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் இது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் வேலை என்றபோது பெரும்பாலானோர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார், சில நாளில் இரைப்பை அழற்சி வந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமியால் வரும் புண்ணை இன்று ஓரிரு வார மருந்தில் ஆற்றிவிடுகிறார்கள். இங்கே ஆன்டிபயாடிக்தான் சரியான பதில். அதனால் நான் ஆன்டிபயாடிக்குக்கு எதிரி இல்லை. அதற்கு நேர்மாறு, அது எனக்கும் என் பிள்ளைகளுக்கும் நாளைக்கும் வேலை செய்ய வேண்டும் என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945இல் தன் நோபல் உரையிலேயே சொல்லிவிட்டார்: அளவு குறைத்துப் பென்சிலின் எடுத்தால் கிருமி சாகாது, எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று. கற்றுக்கொண்டதைப் பாக்டீரியா தன் வாரிசுக்கு மட்டும் கொடுப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கும் மரபணுத் துண்டாகக் கைமாற்றிவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நான் அப்பாவுக்குக் கொடுத்தது போன்ற நான்கு மாத்திரைகள் எத்தனை வீட்டு இழுப்பறைகளில் இருக்கின்றனவோ.

பழியை நோயாளி மேல் மட்டும் போட எனக்கு மனமில்லை. "இன்ஃபெக்‌ஷன் இருக்கு, மாத்திரை எழுதியிருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் மருத்துவர்களும் இதில் சேர்த்தி. பாக்டீரியா என்று நினைக்கிறீர்களா, வைரஸ் என்று நினைக்கிறீர்களா, எதை வைத்து என்று நாம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், ஆபத்தான நிலையில் அதுவரை மருந்து தராமல் காத்திருக்க முடியாது, சரி. ஆனால் முடிந்தவரை மாதிரியை முதலில் எடுத்துவிட்டு, பிறகு முதல் டோஸைக் கொடுப்பதுதான் முறை. வைரஸ் என்று சொன்னால், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே திரும்பிப் போக வேண்டும். வைரஸ் பலவீனப்படுத்திய நுரையீரலில் பாக்டீரியா புகுவதும் உண்டு. 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் கதை அதுதான்.

கடைசியாக ஒன்று, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "முன்னாடி ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களா?" என்று அன்று மருத்துவர் கேட்டபோது நான் இல்லை என்றேன். திட்டுவார் என்ற பயம். கல்ச்சர் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அந்த இடைவெளியில் அவர்கள் வேறு எங்கெங்கோ காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். நீங்களும் இப்படி எதையாவது கொடுத்திருந்தால் முதல் கேள்விக்கே சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையையே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை போட்டார்கள், கடைசியாக எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிக்கொண்டு.