பந்தைத் தவறவிட்டது அந்தப் பையன் மட்டும்தானா?

கடைசி லீக் ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஊர் ஹாக்கி அணியின் பயிற்சியாளர் உள்ளூர்த் தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இதைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாட்களாக அடக்கிக்கொண்டிருந்தேன், முடியவில்லை. 10 ஆட்டங்களில் 7 ஆட்டங்களைத் தோற்ற அணியின் பயிற்சியாளர் நடுவரைக் குறை சொன்னார், மைதானத்தைக் குறை சொன்னார், பையன்களிடம் வெறி இல்லை என்றார், கடைசியில் கோல்கீப்பர் கவனமாக இருந்திருந்தால் நிலைமையே வேறு என்று முடித்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கோல்கீப்பருக்கு 17 வயது. பேட்டி நடந்தபோது நான்கடி பின்னால்தான் நின்றான். காணொளியை மறுபடி பாருங்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் குனிந்து, கால் பேடின் வாரைக் கழற்றுகிறான், மாட்டுகிறான், மறுபடியும் கழற்றுகிறான்.

பயிற்சியாளரா மட்டையைப் பிடித்து ஆடினார் என்று சிலர் கேட்கிறார்கள். ஹாக்கி தெரிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். கால்பந்தில் வெளியே போனவர் பொதுவாகத் திரும்ப முடியாது. ஹாக்கியில் பெனால்டி கார்னர் (தடுக்கும் அணி தன் கோல் அருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள், நடுவே பேசித் திருத்த இடைவேளைகள். அப்படியென்றால் அந்த 60 நிமிடமும் களத்தில் யார் நிற்பது என்பது முழுக்க அவருடைய முடிவு. பெனால்டி கார்னரில் பந்தைத் தள்ளிவிடுபவர், கோலுக்கு முன்னால் வரைந்த வட்டத்துக்கு வெளியே அதை நிறுத்துபவர், அடிப்பவர் ஆகிய மூவரின் கைகளும் மாதக்கணக்கில் பழகினால்தான் ஒன்று சேரும். இந்தப் பருவத்தில் தள்ளிவிடும் பையனை நான்கு முறை மாற்றியவர் யார்? கோல்கீப்பரா?

2023 உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். புவனேசுவரத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த இந்தியா, 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் தோற்று வெளியேறியது. 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அணியின் பயிற்சியாளர் கிரகாம் ரீட். அந்தப் பதக்கத்தைக் காட்டியே அவர் தப்பித்திருக்கலாம். ஆனால் உலகக் கோப்பைத் தொடர் முடிந்த மறுநாளே பதவி விலகினார். 2008இல் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 2-0 என்று தோற்று, 80 ஆண்டுகளில் முதல்முறையாக இந்தியா ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தபோது அன்றைய பயிற்சியாளர் ஜோக்கிம் கார்வாலோவும் விலகினார். எங்கள் பயிற்சியாளர் விலக வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. 'என் தவறும் உண்டு' என்று சொல்லியிருந்தால் போதும்.

அவருக்கு ஒப்பந்தச் சம்பளம், அதுவும் மாதம் தவறி வருகிறது என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். கோல்கீப்பர் பாதத்தில் மாட்டும் கிக்கர் புதிதாக வாங்கித் தருவதாகச் சொன்ன நிர்வாகம் பருவம் முடியும் வரை வாங்கித் தரவில்லை என்பதும் உண்மை. அதையெல்லாம் அந்தப் பேட்டியில் சொல்லியிருக்கலாமே! மேலே இருப்பவர்கள் மீது ஒரு குறையும் சொல்லாமல், திருப்பிப் பேச முடியாத பையன்கள் மீது பழியைப் போட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

'உனக்கென்ன தெரியும், நீ எந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தாய்' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் பயிற்சி கொடுத்ததில்லை. ஆனால் கோல்கீப்பராக நின்றிருக்கிறேன். 1998இல் கோவில்பட்டிக்கு ஆடப் போயிருந்தோம். சரளை மண் தரை, பந்து எப்போது எகிறும் என்று யாருக்கும் தெரியாது. கடைசி நிமிடங்களில் ஒரு பந்து எகிறி என் கைக்கு மேலே போய்விட்டது. திரும்பி வரும் பேருந்தில், எல்லோர் முன்னாலும், உன்னால்தான் தோற்றோம் என்றார் அன்றைய பயிற்சியாளர். கோல்கீப்பருக்கென்று தனியாக ஒரு நாள்கூட அவர் பயிற்சி கொடுத்ததில்லை. மறுநாள் காலை நான் மைதானத்துக்குப் போகவில்லை. பரீட்சை வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு போகவே இல்லை. 27 ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தப் பேருந்தில் நான் உட்கார்ந்திருந்த இருக்கை எனக்கு நினைவிருக்கிறது.

இதைப் பழைய காயம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். திங்கட்கிழமை முதல் தினமும் காலையில் மைதானத்துப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அந்தப் பையன் வரவில்லை. கோல் கம்பத்தில் வேறொரு பையன் நிற்கிறான். அவன் ஏன் வரவில்லை என்று பயிற்சியாளர் கேட்டாரா என அங்கிருந்த பையன்களிடம் விசாரித்தேன். இதுவரை கேட்கவில்லையாம்.